நீல மை

இந்த வயல் என்னைவிடப் பத்து வயது மூத்தது,
அவ்வளவுதான்.
அதற்கு முன் இங்கே விலாங்கு நீந்தியது.
கப்பல் ஒன்று கவிழ்ந்தது.
சில வருடங்களுக்கு ஒருமுறை கலப்பை
ஒரு துருவாணியை மேலே கொண்டுவந்து போடும்.
சிப்பி, வருடம் தவறாமல்.

ஸ்விஃப்டர்பந்தில் மண்ணுக்கு முன்னோர் கிடையாது.
கடலை இறைத்துவிட்டு
நாணல் விதையை விமானத்திலிருந்து தூவினார்கள்.
மரங்களை எண் போட்டு நட்டார்கள்.
மிச்சத்தை மூட்டையில் வாங்கினோம்:
தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து.

ஏப்ரலில் இன்னொரு பை வந்தது. இரண்டு கிலோ.
வேர் உட்பூசணம். உயிருள்ளது. வெயிலில் வைக்காதீர்.
உயிருள்ளது என்று எழுதியிருந்ததால்
குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பின்னால் வைத்தேன்.
"ரொட்டிக்கா?" என்றான் வீப்ரென்.

பூஞ்சை, எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை.
ஜூனிலிருந்து பதினான்கு முறை மருந்தடிக்கிறோம்
இலைக்கருகலுக்கு.
"அது பூஞ்சையே இல்லை,
பூஞ்சை வேஷம் கட்டியது" என்றாள்
ஆய்வகத்து மாய்க்கெ.
இது வேறு. இது வேருக்குள் குடியேறும்.
நம் கைக்கு எட்டாத இடுக்கிலிருந்து
மணிச்சத்தை எடுத்துவந்து கொடுத்து
சர்க்கரை வாங்கிக்கொள்ளும்.
கடன் இல்லை, ரொக்கம்தான்.

"ஆனால் உரத்தைப் பாதியாக்குங்கள்.
நிறைந்த வீட்டுக்கு யார் சாமான் சுமந்து வருவார்கள்?
செடிக்குப் பசி தெரியட்டும்."

பசி என்ற சொல்லை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.
வீப்ரெனின் அப்பா
நாற்பத்து நாலின் குளிரில்
துலிப் கிழங்கைச் சுரண்டித் தின்று பிழைத்தவர்.
அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு
கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.
மூன்று நாள் கழித்து, காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி,
"பதினாறு வரிசை. அதற்கு மேல் இல்லை" என்றான்.

பதினாறிலும் பாதி உரம்.
எட்டில் சிவப்புக் குச்சி, தூள் தூவிய விதைக்கிழங்கு.
எட்டில் வெள்ளைக் குச்சி, வெறும் கிழங்கு.
மே மாதம் மழையே இல்லை.
பக்கத்து வயல் ஹோஸ்ஸ தினமும் டிராக்டரை நிறுத்தி
"மந்திரித்த வரிசை எது?" என்று கேட்டான்.
எனக்கே தெரியவில்லை.
குச்சியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஜூலையில் மாய்க்கெ செடிகளைப் பிடுங்கினாள்.
மயிரிழை வேர்களை அலசி, வேகவைத்து,
பேனா மையும் வினிகரும் கலந்து ஊற வைத்தாள்.
என் சமையலறை முழுக்கப் பள்ளிக்கூட வாசனை.
"பாருங்கள்" என்று நுண்ணோக்கியை நகர்த்தினாள்.

வேரின் அறைக்கு ஒன்றாக
நீல மரங்கள்.
கிளை, கிளைக்குள் கிளை,
எந்தப் பொறியாளரும் கோடு போடாதவை.
நான் மூச்சு விட்டதில் கண்ணாடி மங்கிப்போனது.

அடுத்த வில்லை. வெள்ளைக் குச்சி வேர்.
அங்கேயும் நீலம்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
அங்கே நூற்றுக்கு நாற்பத்தொன்று,
இங்கே முப்பத்தெட்டு.
அவள் முகம் சுருங்கியது; எனக்கோ சிரிப்பு வந்தது.
யாரும் காசு கொடுக்காமல் இது எப்போது வந்தது?
வாத்தின் காலிலா, வெங்காய வண்டியின் சக்கரத்திலா,
வேலைக்கு வந்த போலந்துக்காரரின் பூட்சிலா?
இல்லை, சாலைத் தாண்டி
சிவப்பிலிருந்து வெள்ளைக்கு நடந்ததா?
"சொல்ல முடியாது" என்றாள் மாய்க்கெ.
இத்தனை வருடம் கொட்டிய உரத்தில்
வாய் திறக்காமல் கிடந்திருக்கலாம்.
அதுவும் "கிடந்திருக்கலாம்"தான்.

அக்டோபரில் தோண்டினோம்.
பதினாறு வரிசையும் ஏறக்குறைய ஒரே எடை.
முழு உரம் போட்ட வயலைவிடக் கொஞ்சம் குறைவு;
எவ்வளவு கொஞ்சம் என்பதில்
எனக்கும் வீப்ரெனுக்கும் இன்னும் வழக்கு.
"அப்படியானால் பைக்கு எதற்குப் பணம்?" என்கிறான்.
என்னிடம் பதில் இல்லை.
கையளவு மிச்சம் வெண்ணெய்க்குப் பின்னால் இருக்கிறது.
அவனும் அதைத் தூக்கி எறியவில்லை.

இன்று அடுத்த வருட உரப்பட்டியலை நிரப்புகிறான்.
தழைச்சத்து எழுதியாயிற்று. சாம்பல்சத்தும்.
நடுவில் ஒரு கட்டம் காலி.
பேனா அதன்மேல் நின்று
ஒரு நீலப் பொட்டு வைத்தது.
பிறகு எழுந்து
மேசைக்கு அடியில் மூடியைத் தேடுகிறான்.